பசுமலை அச்சகம் முதல் மதுரை எடிட்டிங் அறை வரை

மதுரைக்குத் தென்மேற்கே, திருமங்கலம் சாலையில் உள்ள பசுமலையில், எழுத்தையும் படத்தையும் பக்கமாக அடுக்கும் தொழில் கணினி வருவதற்கு ஏறத்தாழ நூறாண்டுக்கு முன்பே வேரூன்றிவிட்டது. யாழ்ப்பாணத்தில் இயங்கிவந்த அமெரிக்க மிஷன் 1834-இல் மதுரையில் பணியைத் தொடங்கியது. அதன் செமினரி 1845-இல் திருமங்கலத்திலிருந்து பசுமலைக்கு மாறியது. அங்கு வளர்ந்த கல்விக்கூடம் 1881-இல் கல்லூரியாகி, 1904-இல் நகருக்குள் சென்று அமெரிக்கன் கல்லூரியாயிற்று. பள்ளிகள் இருந்த இடத்தில் பாடநூலும் ஞானப்பாட்டுப் புத்தகமும் துண்டுப் பிரசுரமும் வேண்டியிருந்தன. அந்தத் தேவைக்குப் பசுமலையில் லெனாக்ஸ் அச்சகம் இருந்தது. மிஷனின் ‘சத்தியவர்த்தமானி’ இதழும் பசுமலையிலிருந்தே வெளிவந்தது.

அக்கால அச்சகத்தில் அச்சு இயந்திரம் ஒருமுறை வாங்கினால் தலைமுறைக்கு உழைக்கும். ஈய எழுத்து அப்படியல்ல. தேயும், உடையும், போதாமல் போகும். ஆங்கிலத்துக்கு 26 எழுத்துகளைப் பெரிதும் சிறிதுமாக வைத்தால் போதும். தமிழில் 247 எழுத்தையும் வார்க்க வேண்டியதில்லை. காலும் கொம்பும் தனித்து நிற்பதால் அவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் உகர, ஊகார வரிசை எழுத்துகள் 36-க்கும் தனித்தனி வார்ப்பு வேண்டும். புள்ளி வைத்தவை 18, இகர ஈகாரச் சுழி சேர்ந்தவை, பழைய வடிவ ணா, றா, னா, துதிக்கை போட்ட லை, ளை என்று அறைகள் பெருகின. கம்பாசிட்டரின் கேஸ் அதனால் அகலமானது. கை எட்டும் தூரம் கூடக்கூட வேலை மெதுவானது. எழுத்தின் அளவைக் குறைப்பதும் எளிதாக இல்லை. இதே மிஷனைச் சேர்ந்த பி. ஆர். ஹண்ட், சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் தமிழுக்குச் சிறிய, தெளிவான அச்செழுத்துகளை உருவாக்கிய பிறகுதான், 67,000-க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட வின்சுலோ அகராதி 1862-இல் ஒரே தொகுதியாக அடங்கியது. கருவியில் எந்த உறுப்பு வேலையைக் காக்க வைக்கிறதோ அதை முதலில் மாற்ற வேண்டும் என்ற பாடம் இந்தத் தொழிலில் அப்போதே தெரிந்திருந்தது. பின்னால் கணினி வந்தபோதும் பாடம் அதுவே; காக்க வைக்கும் உறுப்பு மட்டுமே ஒவ்வொரு பத்தாண்டிலும் மாறியது.

1978 அக்டோபரில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது, பெரியார் 1935 முதலே ‘குடி அரசு’ இதழில் கையாண்ட வடிவங்கள் பொது வழக்குக்கு வந்தன. ணா முதல் னை வரை 13 எழுத்துகளின் பழைய வடிவம் போயிற்று. இது பள்ளிக்கூட மாற்றமாகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. கம்பாசிட்டருக்கோ கேஸில் சில அறைகள் குறைந்தன. அடுத்து வந்த தட்டச்சுக்கும் கணினி எழுத்துருவுக்கும் சுமை இறங்கியது. அந்த நன்மைக்கு உரிய இடம் இன்னும் கொடுக்கப்படவில்லை.

உலகில் மேசைக் கணினியிலேயே பக்கம் அமைக்கும் முறை (டி.டி.பி.) 1985-இல் பிறந்தது. முந்தைய ஆண்டு வந்த மெக்கின்டாஷ் கணினி, ஆப்பிளின் லேசர்ரைட்டர் அச்சுப்பொறி, அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி, ஆல்டஸ் நிறுவனத்தின் பேஜ்மேக்கர் மென்பொருள் ஆகிய நான்கும் சேர்ந்து அதைச் சாத்தியமாக்கின. முதல் மெக்கின்டாஷில் நினைவகம் வெறும் 128 கிலோபைட். அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் ஒரு ஏ4 பக்கத்தைக் கறுப்பு வெள்ளையில் விரித்தால் ஏறத்தாழ 1 மெகாபைட் ஆகிறது. அதனால்தான் லேசர்ரைட்டருக்குள்ளேயே 1.5 மெகாபைட் நினைவகம் வைத்தார்கள். அந்த அச்சுப்பொறி தன்னை இயக்கிய கணினியைவிட வலிமையானதாக இருந்தது.

இந்தியாவில் 1984-ஆம் ஆண்டுக் கணினிக் கொள்கையும் 1991-இன் தாராளமயமும் இறக்குமதியைத் தளர்த்தின. 1997-இல் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்து, 2005-க்குள் கணினிப் பொருள்களுக்குச் சுங்கவரியை இல்லாமலாக்கியது. மெக்கின்டாஷ் பெரிய பத்திரிகைகளோடும் விளம்பர நிறுவனங்களோடும் நின்றது. மதுரைப் பக்கத்து டி.டி.பி. மையங்களில் நுழைந்தது, உதிரிபாகங்களை வாங்கிப் பூட்டிய ‘அசெம்பிள்டு சிஸ்டம்’. விலை குறைவு என்பது ஒரு காரணம். ஒவ்வொரு உறுப்பாக மாற்றிக்கொள்ளலாம் என்பது அதைவிடப் பெரிய காரணம்: இந்தத் தீபாவளிக்கு ராம், அடுத்த முகூர்த்த மாதத்துக்கு ஹார்டு டிஸ்க் என்று தொழிலின் வரவோடு சேர்ந்து இயந்திரமும் வளர்ந்தது. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பு, வால்போஸ்டர், கல்லூரி மாணவரின் புராஜெக்ட் எல்லாம் இந்த மையங்களின் வேலை. நான்கு வண்ண வேலை என்றால் ஃபிலிம் எடுத்துச் சிவகாசிக்கு அனுப்பினார்கள். வண்ணம் வந்ததும் கணக்கு மாறியது. அதே ஏ4 பக்கம் நான்கு வண்ணத்தில் 35 மெகாபைட் அளவுக்கு விரிந்தது. 1990-களின் நடுவில் 8 அல்லது 16 மெகாபைட் ராம் உள்ள கணினி அதைத் திறந்ததும் ஹார்டு டிஸ்கைக் கடன் வாங்கி ஊர்ந்தது. அன்று செயலியை மாற்றியவரைவிட ராமைக் கூட்டியவர்தான் வேலையைச் சீக்கிரம் முடித்தார்.

தமிழ் எழுத்து இங்கே மறுபடியும் குறுக்கே வந்தது. அக்கால எழுத்துரு ஒன்றில் மொத்தம் 256 இடம். அதில் பாதியை ஆங்கிலம் பிடித்திருந்தது. எஞ்சிய இடங்களில் தமிழை எப்படி அடைப்பது என்பதை ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தன் போக்கில் முடிவு செய்தது. ஒரு கடையில் அடித்த கோப்பு இன்னொரு கடையில் திறந்தால் பொருளற்ற குறிகளாக நின்றது. விசைப்பலகையிலும் தட்டச்சு முறை, ஒலிபெயர்ப்பு முறை என்று பிரிவு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டுக்குப் பின் தமிழக அரசு ‘தமிழ்99’ விசைப்பலகையையும் டாம், டாப் குறியேற்றங்களையும் தரமாக அறிவித்தது. யூனிகோடு என்ற பொதுக் குறியேற்றத்தில் தமிழ் 1991-இலேயே இடம்பெற்றிருந்தாலும், விண்டோஸ் 2000 வந்தபோதுதான் லதா எழுத்துருவோடு அது சாதாரணக் கணினியில் இயங்கத் தொடங்கியது.

அச்சுத் தொழில் அந்தப் பக்கம் உடனே போகவில்லை. பேஜ்மேக்கர் யூனிகோடை அறியாமலே 2001-இல் தன் கடைசிப் பதிப்பான 7-உடன் நின்றுவிட்டது. ஆயிரக்கணக்கான பத்திரிகை மாதிரிகளும் புத்தகங்களும் பழைய எழுத்துருவில் கிடந்தன. புதிய கணினி, புதிய விண்டோஸ் என்று போனால் பழைய கோப்பு திறக்குமா, எழுத்துருவுக்கான உரிமப் பூட்டு வேலை செய்யுமா என்ற கவலை நியாயமானது. பத்தாண்டுப் பழைய கணினியைப் பல டி.டி.பி. மையங்கள் விடாமல் காத்ததைப் பழமைப் பிடிப்பு என்று சொல்லிவிட முடியாது. அது சொந்தச் சேமிப்பைக் காத்த செயல். இன்டிசைனும் ஃபோட்டோஷாப்பும் இந்திய எழுத்துகளை ஒழுங்காக அடுக்கக் கற்றது 2010-களில்தான். ஒரு மொழியின் பக்கத்தை அதன் சொந்த ஊரில் அமைக்கிறவர் இவ்வளவு காலம் காத்திருக்க நேர்ந்தது மென்பொருள் நிறுவனங்களின் புறக்கணிப்பு என்றே சொல்ல வேண்டும்.

2000-களில் அகன்ற அச்சு இயந்திரம் வந்து ஃபிளெக்ஸ் பேனர் பெருகியது. கையால் எழுதிய சுவர் விளம்பரக்காரரின் இடத்தை வடிவமைப்பாளர் பிடித்தார். மதுரை இதில் மாநிலமெங்கும் பேர்பெற்றது. 20 அடிக்கு 10 அடி பேனரை அங்குலத்துக்கு 72 புள்ளியில் வைத்தாலே 15 கோடிப் புள்ளிகள்; நான்கு வண்ணத்தில் ஒரே அடுக்கு ஏறத்தாழ 600 மெகாபைட். தலைவர் படம், பின்னணி, பெயர்ப்பட்டியல் என்று அடுக்குகள் சேரச் சேர அது பல மடங்காகும். எனவே படங்களை மட்டும் ஃபோட்டோஷாப்பில் வெட்டி, எழுத்தையும் அமைப்பையும் கோரல்டிராவில் செய்யும் பழக்கம் உருவானது. கோரல்டிராவில் எழுத்து புள்ளிகளாக அல்லாமல் கோடுகளின் கணக்காக நிற்பதால், எத்தனை அடிக்கு இழுத்தாலும் கோப்பு கனக்காது. புது இயந்திரம் வாங்க முடியாதவர்கள் வேலையைப் பிரித்து இயந்திரத்தைக் காத்த நல்ல தீர்வு இது.

வீடியோவின் பாதை வேறு. 1982-இல் இந்தியா வண்ணத் தொலைக்காட்சிக்கு மாறியபோது, நொடிக்கு 25 சட்டம் (ஃபிரேம்) ஓடும் பால் (PAL) முறையை ஏற்றது. 1990-இல் அமெரிக்காவில் அமிகா கணினிக்கு வந்த வீடியோ டோஸ்டர் என்ற கருவி, சிறிய நிலையங்களுக்கும் படத்தொகுப்பை எட்டச் செய்தது. ஆனால் அது அந்நாட்டின் என்.டி.எஸ்.சி. ஒளிபரப்பு முறைக்கு மட்டுமே அமைந்ததால் இந்தியாவுக்கு உதவவில்லை. கல்யாண வீடியோக்காரர்கள் வி.எச்.எஸ். நாடாவை இரண்டு டெக்குகளுக்கு இடையே ஓட்டி, மிக்சரில் பூவும் இதயமும் சேர்த்தார்கள். ‘மிக்சிங்’ என்ற சொல் அதிலிருந்து வந்தது. ஒவ்வொரு பிரதியிலும் படம் மங்கியது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பல்கலைக்கழக மானியக்குழுவின் கல்வி ஒளிபரப்புக்காக நிகழ்ச்சிகள் தயாரித்த மையம் இருந்தது. ஊரில் தொழில்முறைப் படப்பிடிப்பும் தொகுப்பும் நிலைபெற்ற இடங்களில் அது ஒன்று. சினிமாவில் 1994-இல் வெளியான ‘மகாநதி’ அவிட் கணினித் தொகுப்பை இந்தியாவில் முதலில் பயன்படுத்திய படமாகக் குறிப்பிடப்படுகிறது.

1995-இல் டிவி (DV, டிஜிட்டல் வீடியோ) வடிவம் வந்ததும் படம் எண்களாக நாடாவிலேயே பதிந்தது. ஃபயர்வயர் கேபிள் வழியாக மங்காமல் கணினிக்கு வந்தது. அப்போது காக்க வைத்த உறுப்பு ஹார்டு டிஸ்க். ஒரு மணி நேர மினி டிவி நாடா 13 ஜிகாபைட் இடம் கேட்டது. முகூர்த்தமும் வரவேற்புமாக ஆறு நாடா என்றால் 78 ஜிகாபைட். அன்றைய டிஸ்குகள் 10, 20 ஜிகாபைட் அளவினவே. விண்டோஸ் 98-இன் கோப்பு முறையில் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது; ஏறத்தாழ 20 நிமிடத்தில் பதிவு அறுந்துவிடும். 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி இந்தத் தடையை நீக்கியதால் எடிட்டிங் அறைகள் அதற்கு விரைந்து மாறின. அச்சுக்கடை தயங்கிய இடத்தில் வீடியோக்கடை தயங்காததற்கு, காக்க வேண்டிய பழைய கோப்பு அதனிடம் இல்லாததும் காரணம்: கல்யாணம் முடிந்து கேசட் கொடுத்தால் டிஸ்கைத் துடைத்துவிடலாம். ஜப்பானின் கனோபஸ் நிறுவனத்தின் எடியஸ் மென்பொருள் தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் பரவியதற்கு அது இயங்கிய முறையே காரணம். வெவ்வேறு வடிவப் படங்களை மாற்றாமலேயே ஒரே வரிசையில் ஓடவிட்டது. எளிய கணினியிலும் ரெண்டருக்கு, அதாவது தொகுத்த படம் உருவாகும் வரை, காத்திருப்பது குறைந்தது.

2008-இல் கேனன் 5டி மார்க் 2 வந்தபின் கல்யாணப் படம் சினிமாச் சாயல் கொண்டது. அதன் எச்.264 கோப்பு டிவி (DV) வடிவத்தைவிட நுணுக்கமாகச் சுருக்கப்பட்டது. பல சட்டங்களில் முந்தைய சட்டத்திலிருந்து மாறியதை மட்டுமே அது சேமித்தது. ஆகவே அதைத் திறந்து ஓட்டும் சுமை செயலி மீது விழுந்தது. அதே ஆண்டுகளில் தமிழ்நாட்டில் மின்வெட்டும் கடுமையானது. 2012-இல் தென் மாவட்டங்களில் நாளின் பாதிக்கு மேல் மின்சாரம் இல்லாத நாள்கள் இருந்தன. இரவு முழுக்க ஓட வேண்டிய ரெண்டர் நடுவில் நின்றால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கணினிக்கு வைத்த பணத்தில் ஒரு பங்கு இன்வெர்ட்டருக்கும் யுபிஎஸ்ஸுக்கும் போயிற்று. 40 டிகிரியைத் தொடும் மதுரைக் கோடையில் செயலி சூடேறித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதால், நல்ல காற்றோட்டமுள்ள பெட்டியும் தூசி தட்டும் பழக்கமும் செயலியின் எண்ணுக்கு நிகராக மதிக்கப்பட்டன.

2011-இல் இன்டெல் தன் செயலிக்குள் வீடியோவைப் பிரிக்கவும் சுருக்கவும் குயிக் சிங்க் என்ற தனிப்பகுதியை வைத்தது. 2009-இல் டாவின்சி ரிசால்வை வாங்கிய பிளாக்மேஜிக், 2011-இல் இலவசப் பதிப்பை வெளியிட்டது. அதன் நிறத்திருத்தம் கிராபிக்ஸ் கார்டையே நம்பியது. சுமை மூன்றாகப் பிரிந்தது: கோப்பைத் திறப்பது தனிப்பகுதி, நிறமும் எஃபெக்டும் கிராபிக்ஸ் கார்டு, எஞ்சியது செயலி.

இன்று கணினி தேர்கிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி கேமரா எந்த வடிவத்தில் பதிவு செய்கிறது என்பதுதான். புதிய கேமராக்கள் தரும் 10 பிட் 4:2:2 எச்.இ.வி.சி. கோப்பை இன்டெல்லின் 11-ஆம் தலைமுறைச் செயலியில் உள்ள கிராபிக்ஸ் பகுதி சுலபமாகத் திறந்தது; என்விடியா கார்டுகளோ 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் அதைக் கற்றன. விலை கூடிய பழைய கார்டை வாங்கி வைத்திருந்தவரும் அந்த ஒரு கோப்பு வடிவம் சரியாக ஓடாமல் தவித்ததற்குக் காரணம் இது. 4கே வேலைக்கு 32 ஜிகாபைட் ராம், நிரல்களுக்கு ஒரு எஸ்எஸ்டி, படக்கோப்புகளுக்கு இன்னொன்று, முடிந்த வேலையைச் சேமிக்க விலை குறைந்த பெரிய ஹார்டு டிஸ்க் என்று பிரித்து வாங்குவது இப்போது வழக்கம். அச்சு வேலை மட்டும் செய்கிறவருக்குப் பெரிய கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. அந்தப் பணம் நிறம் சரியாகக் காட்டும் மானிட்டருக்குப் போக வேண்டும். திரையில் பார்த்த சிவப்பும் சிவகாசியில் அச்சான சிவப்பும் வேறுபட்டால், ஆயிரம் பத்திரிகையும் திரும்ப வரும்.