நந்தா விளக்கிலிருந்து நன்கொடைச் சீட்டு வரை: கொடையாளர் பெயர்ப் பதிவின் தமிழக வரலாறு

அறநிலையம் ஒன்றுக்குப் பொருள் கொடுத்தவரின் பெயரைப் பொறிப்பது பற்றிய பேச்சு இன்று பெரும்பாலும் கேலியில் தொடங்குகிறது. மருத்துவமனைச் சுவரின் பளிங்குப் பலகை, பள்ளி பெஞ்சின் முதுகில் எழுதிய பெயர், கோயில் டியூப்லைட்டின் 'உபயம்' ஆகியவை தற்பெருமையின் அடையாளங்கள் என்பார் ஒரு சாரார். கொடுத்தவரைப் பாராட்டுவதில் என்ன குற்றம் என்பார் மறு சாரார். பெயர்ப் பதிவின் நோக்கம் பாராட்டு என்பதை இரு சாராருமே கேள்வியின்றி ஏற்றுக்கொள்கின்றனர். தமிழகக் கல்வெட்டுகளைக் கால வரிசையில் படித்தால் அந்த எடுகோள் நிற்பதில்லை. கொடுத்ததோடு முடிந்துபோகும் கொடைக்கு ஒருவகைப் பதிவும், நாள்தோறும் நடந்தாக வேண்டிய கொடைக்கு வேறுவகைப் பதிவும் இருந்தன. இரண்டாம் வகையில் கொடையாளர் பெயர் ஓர் உடன்படிக்கையின் உறுப்பாக அமைந்தது. உடன்படிக்கை உதிர்ந்து பெயர் மட்டும் எஞ்சிய வழியை இக்கட்டுரை தேடுகிறது.

முதல் வகைக்குப் பழஞ்சான்று தமிழ்-பிராமிக் குகைக் கல்வெட்டுகள். மாங்குளத்தில் நெடுஞ்செழியனின் பணியாளனான கடலன் வழுதி சமணத் துறவிக்குப் பாழி அமைத்ததும், வெள்ளறை வணிகக் குழுவினர் கூட்டாகக் கொடுத்ததும் பதிவாகியுள்ளன. புகலூர் ஆறுநாட்டார் மலையில் சேரர் குடியின் மூன்று தலைமுறைப் பெயர்கள் வருகின்றன. அதே மலையில் கருவூர்ப் பொன்வணிகன் ஒருவனும் இருக்கிறான். அழகர்மலைதான் சுவையான இடம். உப்பு வணிகன், கொழு வணிகன், பணித வணிகன், அறுவை வணிகன், பொற்கொல்லன் எனத் தொழிலோடு சேர்த்தே ஆட்கள் அறியப்படுகின்றனர். மதுரைக் கடைத்தெருவே மலையேறி வந்து கையொப்பமிட்டது போன்ற ஒரு பட்டியல் அது. திருப்பரங்குன்றத்தில் ஈழத்துக் குடும்பிகன் ஒருவனும் இடம்பெறுகிறான். இவற்றில் நிபந்தனை எதுவும் இல்லை. கற்படுக்கை வெட்டி முடிந்ததும் கொடையும் முடிந்தது. எனவே பெயர், ஊர், தொழில், 'செய்வித்தது' என்ற வினை ஆகியவற்றோடு எழுத்து நின்றுவிடுகிறது.

கோயிலில் விளக்கு எரிக்கக் கொடுப்பது அப்படி முடிகிற செயலன்று. விளக்குக்கு நாள்தோறும் நெய் வேண்டும், நெய்க்குப் பால் வேண்டும், பாலுக்கு மந்தையும் மேய்ப்பவனும் வேண்டும். சோழர் காலத்து நந்தா விளக்குக் கல்வெட்டுகள் இந்தச் சங்கிலி முழுவதையும் எழுத்தில் கட்டிவைத்தன. விளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகள் என்பது பரவலாகக் காணப்படும் அளவு. 90 எனக் கூறும் கல்வெட்டுகளும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் 96 ஆடுகளுக்கு ஈடாக 48 பசுக்களையோ 16 எருமைகளையோ கொடுக்கலாம் என்ற கணக்கும் தெரிகிறது. ஆடுகளைப் பெற்ற இடையர் நாளொன்றுக்கு ஓர் உழக்கு, அதாவது கால் நாழி நெய் அளக்க வேண்டும். இவை 'சாவா மூவாப் பேராடு' எனப்பட்டன. ஈன்ற குட்டிகள் கிழ ஆடுகளின் இடத்தை நிரப்பும். மிகுதி மேய்ப்பவனுக்கு. எண்ணிக்கை குறைந்தால் அது அவன் பொறுப்பு. ஆகவே முதல் என்றைக்கும் குறையாது.

இங்கே யாருடைய பெயர்கள் கல்லேறின என்பதைக் கவனிக்க வேண்டும். கொடுத்தவர் பெயர் நாடு, ஊர், பதவியோடு வருகிறது. ஆட்டைப் பெற்ற இடையரின் பெயர், எத்தனை உருப்படி என்ற கணக்கோடு வருகிறது. சில ஊர்க் கல்வெட்டுகளில் பிணை நின்றவர்கள் பெயரும் உண்டு. ஊர்ச்சபைகளிடம் காசு முதலாக வைக்கப்பட்டபோது வட்டி வீதமும் பொறிக்கப்பட்டது. தஞ்சையில் காசொன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, நம் கணக்கில் 12.5 விழுக்காடு. கொடையாளர் பெயரை மட்டும் நிறுத்தி மற்றவற்றை விட்டிருந்தால் கல்லும் உளிக்கூலியும் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும். மிச்சம் பிடிக்கவில்லை என்பதே பதிவின் நோக்கத்தைச் சொல்லிவிடுகிறது.

முதலாம் இராசராசன் தன் 26ஆம் ஆட்சியாண்டில் இட்ட ஆணை பலரும் அறிந்தது. தான் கொடுத்ததும், அக்கன் குந்தவை கொடுத்ததும், தேவியர் கொடுத்ததும், மற்றும் கொடுத்தார் கொடுத்ததும் விமானக் கல்லில் வெட்டப்பட வேண்டும் என்றான். 'மற்றும் கொடுத்தார்' அரசனோடு ஒரே வாக்கியத்தில் நிற்கின்றனர் என்று இதைச் சமத்துவமாகப் புகழ்வோர் உள்ளனர். என் கருத்தில் இதைக் கணக்கியல் ஆணையாகப் படிப்பதே பொருத்தம். தொடர்ந்து வரும் பதிவுகள் பொன்னை 'ஆடவல்லான்' என்னும் கல்லால் நிறுத்து எழுதுகின்றன. நகைகளை மணி மணியாக எண்ணுகின்றன. கோயிலின் இருப்புப் பதிவேடு சுவரில் விரித்துவைக்கப்பட்டதாகவே கொள்ளலாம்.

அந்தப் பதிவேடு உண்மையில் பயன்பட்டது. திருவல்லத்தில் சோழ அதிகாரி மதுராந்தகன் கண்டராதித்தன் வழிபட வந்தபோது அமுதுபடி சுருங்கியிருப்பதையும் விளக்கு முறையாக எரியாததையும் கண்டு, கோயிலாரை அழைத்துக் கணக்குக் கேட்ட செய்தி கல்வெட்டாகவே உள்ளது. பழைய கோயிலைக் கற்றளியாக்கும்போது பழைய எழுத்துகளைப் படியெடுத்து, 'இதுவும் ஒரு பழங்கற்படி' என்ற குறிப்போடு புதிய சுவரில் மறுபடி வெட்டினர். சோழ அரசி செம்பியன் மாதேவி திருக்கோடிக்காவலில் செய்தது இதற்கு நல்ல சான்று. தலைமுறைகள் கடந்த ஒரு கொடையாளனின் புகழைக் காப்பது அவருக்கு நோக்கமாக இருந்திருக்கலாம். அதைவிட, அவன் விட்ட நிலமும் ஆடும் கோயிலுக்கு இன்னும் சேரவேண்டியவை என்பது நெருக்கமான காரணம்.

கல்வெட்டுகளின் இறுதிப் பகுதி இன்னொன்றைக் காட்டுகிறது. அறத்தைக் கெடுப்பவர் கங்கைக்கும் குமரிக்கும் இடைப்பட்டார் செய்த பாவமெல்லாம் கொள்வர் என்ற சாபம் எல்லாருக்கும் தெரியும். அதனருகே, இதைக் காப்பவரின் பாதம் என் தலைமேல் என்ற வாசகமும் வரும். கொடுத்தவன் பிற்காலத்தில் வரப்போகும் முகமறியாத காவலன் ஒருவனை வணங்குகிறான்! பாராட்டைப் பெறும் இடத்தில் அவன் நிற்கவில்லை. பல கோயில்களின் தரைக்கல்லில், அடியார் மிதித்துச் செல்லும் இடத்தில், நெடுஞ்சாண்கிடையாக விழுந்த உருவத்தைப் பெயரோடு செதுக்கியவர்களின் மனநிலையும் இதற்கு உறவானதே.

பெருமை என்னும் கூறு இல்லாமலில்லை. அது பெரும்பாலும் மேல்நோக்கிப் பாய்ந்தது. தனியார் ஏற்படுத்திய பூசைக்கும் சாலைக்கும் அரசன் பெயரை இட்டனர். வீரராசேந்திரன் காலத்தில் திருமுக்கூடல் கோயிலைச் சார்ந்து இயங்கிய 15 படுக்கை ஆதுலர்சாலைக்கு 'வீரசோழன்' என்றே பெயர். தஞ்சைக் கோயிலில் ஸ்ரீகாரியம் பார்த்த ஆதித்தன் சூரியன் என்னும் தென்னவன் மூவேந்தவேளான், நாயன்மார் படிமங்களோடு இராசராசனுக்கும் அவன் தேவி உலகமாதேவிக்கும் செப்புப் படிமம் எடுத்தான். விக்டோரியாவின் 1887 பொன்விழா நினைவாகச் சென்னைப் பிரமுகர்கள் மண்டபத்துக்கு அவர் பெயரைச் சூட்டியதில் புதுமை ஒன்றும் இல்லை.

கொடையாளருக்குத் திரும்பிவரும் பங்கு வெளிப்படையாகத் தெரிவது விசயநகரக் காலத் திருப்பதியில். அங்குள்ள கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழ். பொன்னோ ஊரோ கொடுத்து நாள்தோறும் இத்தனைத் தளிகை என ஏற்படுத்தியவருக்குப் படைத்த பிரசாதத்தில் நான்கில் ஒரு பங்கு உண்டு. அதற்கு 'விட்டவன் விழுக்காடு' என்று பெயர். அந்தப் பங்கை அவர் தாமே பெறலாம், மடத்துக்கு எழுதிவைக்கலாம், சத்திரத்தில் வழிப்போக்கருக்கு வழங்கச் சொல்லலாம், விற்கவும் செய்யலாம். கொடையாகப் பெற்ற பணத்தைக் கோயில் தன் ஊர்களில் ஏரி, கால்வாய் வெட்டுவதில் முடக்கி, அதனால் பெருகிய விளைச்சலிலிருந்து தளிகையை நடத்தியதை வரலாற்றாய்வாளர் பர்ட்டன் ஸ்டெய்ன் விளக்கினார். கொடையாளரின் பங்கு ஒரு சொத்தாகவே கைமாறியது. திருமலையில் கைகூப்பி நிற்கும் கிருஷ்ணதேவராயரையும் இரு தேவியரையும் பார்த்துவிட்டு நகர்கிறோம். கால் பங்குப் பிரசாதத்துக்குப் பாத்தியப்பட்ட எண்ணற்ற சிறு கொடையாளர்கள் சுவரெழுத்தில்தான் இருக்கிறார்கள். மதுரைப் புதுமண்டபத்து நாயக்கர் சிலைகளுக்கு முன்பும் இதே நிலைதான்: உருவம் உள்ளவரைத்தான் கண் தேடுகிறது.

பிரசாதத்தோடு பரிவட்டம், முதல் தீர்த்தம், மாலை என மரியாதைகளும் கொடையாளர் குடும்பங்களுக்கு உரிமைகளாயின. ஆங்கிலேயர் ஆட்சியில் இவை நீதிமன்ற வழக்குகளாக மாறின. திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயிலை ஆராய்ந்த அர்ஜுன் அப்பாதுரை, அரசனின் தீர்ப்பு ஊருக்கு ஊர், வேளைக்கு வேளை மாறக்கூடியதாய் இருந்ததையும், நீதிமன்றத் தீர்ப்பு அதைப் பொது விதியாக்கியதையும் காட்டினார். கொடைக்கும் மரியாதைக்கும் இடையே இருந்த உயிர்த்தொடர்பு இங்கே தளர்ந்தது. தாத்தா கொடுத்தார், பேரனுக்குப் பரிவட்டம், விளக்கு எரிகிறதா என்பது தனிக் கேள்வி.

பெயரும் உடன்படிக்கையும் வெவ்வேறு திசையில் போனதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு பச்சையப்ப முதலியார். 1794இல் காலமான அவர், கோயில் திருப்பணிகளுக்கும் அன்னதானத்துக்கும் உயில் எழுதிவைத்தார். சொத்து பல்லாண்டு வழக்கில் சிக்கியது. அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் முயற்சியால் நீதிமன்றம் திட்டம் வகுத்தது. கோயில் அறங்களுக்குப் போக மிஞ்சிய தொகை கல்விக்குத் திருப்பப்பட்டு, 1842இல் சென்னையில் பள்ளி தொடங்கியது. இன்று அவர் பெயரைச் சொல்வோர் கல்லூரியையே நினைக்கின்றனர். ஆங்கிலக் கல்வி அவர் உயிலின் விருப்பமாக இருக்கவில்லை. இதை மோசடி என்று யாரும் சொல்லார், பயன் கண்கூடு. ஆனால் கொடையாளர் கேட்டதற்கும் கொடையாளர் பெயர் நிற்கும் இடத்துக்கும் தொடர்பு அவசியமில்லை என்ற புதிய நிலை இதன்மூலம் ஏற்கப்பட்டது. இதற்கு எதிர்மறையான நிகழ்வும் சென்னையிலேயே உண்டு. 1782 பஞ்சத்தில் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்தைச் சார்ந்து வளர்ந்த மருத்துவமனை பின்னாளில் ஸ்டான்லி என்ற ஆளுநர் பெயரைப் பெற்றது. ஊரார் நாவில் அது நெடுங்காலம் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதான். கொடுத்தவர், ஆண்டவர் இருவரையும் தள்ளிவிட்டுக் கஞ்சி நின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் நடந்தது இந்த வரலாற்றின் விசித்திரமான பக்கம். அமெரிக்க மிஷனரிகளின் விடுதிப் பள்ளிகளில் ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை அமெரிக்காவிலுள்ள ஒருவரோ ஒரு சபையோ ஏற்றால், அப்பிள்ளைக்கு அவர்கள் சொல்லும் பெயர் சூட்டப்பட்டது. தம் பெயர், இறந்த உறவினர் பெயர், மதித்த போதகர் பெயர் எதையும் சொல்லலாம். வில்லியம் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை என்று யாழ்ப்பாணத்துத் தமிழறிஞர் பெயர்களில் அந்நிய முன்னொட்டுகள் ஒட்டியிருப்பது அந்தச் சூழலில்தான். 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரி 1855இல் மூடப்பட்டது. படித்து வந்தவர்களில் சிலர் பின்னர் சைவர்களாகவே வாழ்ந்தனர். முன்னெழுத்துகள் மட்டும் உடன் வந்தன. கல்லில் வெட்டிய பெயரைவிட இது ஒட்டிக்கொள்ளும் தன்மை உடையது. ஆனால் பெயர் கொடுத்தவரிடம் அப்பிள்ளை எதையும் கேட்க முடியாது. பெயர் கொடுத்தவரும் கடல்கடந்து வந்து சரிபார்க்கப் போவதில்லை.

இருபதாம் நூற்றாண்டுக் கட்டடப் பலகைகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பெயர், தொகை, திறந்துவைத்தவர் பெயர், தேதி. பல பலகைகளில் திறந்துவைத்தவரின் எழுத்தே பெரிது. டியூப்லைட் பற்றிய கேலிக்கு மட்டும் ஒரு திருத்தம் வேண்டும். வெளிச்சத்தை எழுத்து மறைக்கிறது என்பது சிறிய குறை. குழல் எரிந்துபோனால் மாற்றுவது யார், மின்கட்டணம் யார் தலையில் என்பதை அந்த எழுத்து சொல்வதில்லை. நாள்தோறும் தொடரும் கொடைக்குக் குகைப்படுக்கையின் பதிவு முறை பொருந்தாது.

உடன்படிக்கையின் எஞ்சிய பகுதி வேறோர் இடத்தில், வருமானவரிச் சட்டத்தில், வளர்ந்தது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 80ஜி பிரிவு நன்கொடைச் சீட்டுக்கு மதிப்பளித்தது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை என்ற வரம்பு 2017-18 நிதியாண்டில் வந்தது. 2021-22 முதல், சலுகைக்குரிய அறக்கட்டளைகள் கொடையாளர் பட்டியலை 10பிடி படிவத்தில் துறைக்கு அளித்து, கொடையாளருக்கு 10பிஇ சான்றிதழ் தர வேண்டும் என்றாயிற்று. 'இன்ன நாட்டு இன்ன ஊர் இன்னான்' என்ற பழைய அடையாளத்தின் இடத்தில் பான் எண் உட்கார்ந்திருக்கிறது. 2006இல் சேர்ந்த 115பிபிசி பிரிவு, பெயரில்லா நன்கொடையில் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்டதற்கு 30 விழுக்காடு வரி விதித்தது. முழுக்கச் சமய நோக்குடைய அமைப்புகளுக்கு விலக்கும் அளித்தது. அதனால்தான் கோயில் உண்டியல் பெயர் கேட்பதில்லை. மருத்துவ அறக்கட்டளை கேட்கிறது. ஆயினும் இந்தப் பதிவு கொடையாளரை அரசோடு பிணைக்கிறது. கொடுத்த பணத்தில் என்ன நடக்க வேண்டும் என்று அந்தச் சான்றிதழில் ஒரு வரியும் கிடையாது.

பழைய முறைக்கு நெருங்கிய உறவு அன்னதானக் கட்டளைதான். 2002இல் தமிழகக் கோயில்களில் அன்னதானத் திட்டம் வந்தபின், ஒரு தொகையை முதலீடாகச் செலுத்தி, அதன் வட்டியில் ஆண்டுதோறும் குறித்த நாளில் சோறிடும் ஏற்பாடு பரவியது. பிறந்த நாளோ பெற்றோர் நினைவு நாளோ வரும்போது அன்றைய பலகையில் பெயர் எழுதப்படும். முதல், வட்டி, நாள், செயல், பெயர் ஐந்தும் சோழர் பதிவில் போலவே ஒன்றாக இருக்கின்றன. வேறுபாடு முதலில் இருக்கிறது. 96 ஆடுகள் குட்டி ஈன்றன; நெய் விலை ஏறினாலும் உழக்கு உழக்காகவே வந்தது. வங்கியில் இட்ட பணம் அரிசி விலையோடு சேர்ந்து ஏறுவதில்லை. முன் தலைமுறைகளில் சில நூறு ரூபாய் முதலாக வைத்து ஏற்படுத்திய அர்ச்சனைக் கட்டளைகளும் விளக்குக் கட்டளைகளும் இந்த வழியில்தான் நலிந்தன. அவற்றின் வட்டி இன்று ஒருநாள் பூவுக்குக் கூடக் காணாது. பெயர்ப் பலகையை எடுக்கவோ கட்டளையை முடிக்கவோ யாருக்கு அதிகாரம் என்று அந்தப் பலகைகள் எதிலும் எழுதியிருக்கவில்லை.