துரைமார் கொணர்ந்த மீன்

கொத்மலை ஓயாவின் தலையூற்றை நாடி மேலேறினால், தலவாக்கலையின் தேயிலைச் சரிவுகளைக் கடந்து, அக்ரா ஓயா என்னும் பெயரில் அது ஹோட்டன் சமவெளியினின்று இறங்கிவரக் காணலாம். ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரத்துச் சமவெளியின் குளிரோடைகளில் டிரவுட் மீன் வாழ்கின்றது. அது இம்மண்ணின் மீன் அன்று. ஆங்கிலத் துரைமாரின் தூண்டிலுக்கென்றே கொண்டுவரப்பட்டது.

1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. அவ்விடத்தைத் தேயிலை பிடித்துவந்த 1880களின் தொடக்கத்தில் நுவரெலியா நீர்நிலைகளிலே பழுப்பு டிரவுட் விடப்பட்டது. சினையைப் பனிக்கட்டியினிடையே பொதிந்து கடல் கடத்தும் வித்தை 1864இலேயே தாஸ்மேனியாப் பயணத்தில் கைவந்திருந்தது. மீன்முட்டைக்கு இத்தகைய பேணல்! மன்னாரில் இறங்கிய தமிழ்த் தொழிலாளியோ மாத்தளைவரை காடுவழியே நடந்தான். வழியில் வீழ்ந்தோர் பலர். பின்னர் மீன்பிடிக் கழகமும் குஞ்சு பொரிப்பகமும் எழுந்தன. தொழிலாளிக்குக் கிடைத்தது லயத்துக் காம்பரா. 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவன் வழிவந்தோரை நாடற்றவராக்கிற்று. மீனிடம் எவரும் பிரசாவுரிமைப் பத்திரம் கேட்கவில்லை.

ஆயினும் இயற்கை துரைமாருக்கு முற்றும் பணியவில்லை. பழுப்பு டிரவுட் முட்டையிடுவதற்கு ஐரோப்பியக் கூதிர்காலத்தின் தண்மை வேண்டும். இங்கே அது போதிய அளவு பெருகாமையால் மீண்டும் மீண்டும் குஞ்சு விட வேண்டியதாயிற்று. வட அமெரிக்காவின் பசிபிக் கரையைத் தாயகமாகக் கொண்ட வானவில் டிரவுட்டே ஹோட்டன் சமவெளியில் தானாக இனம்பெருக்கி நிலைத்தது. அதற்கும் 20 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட நீர் ஒவ்வாது. வெப்பம் ஏறின் நீரில் கரைந்த ஒட்சிசன் குறைந்துவிடும். 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை அழிக்கலாகாதென 1873இல் தாவரவியலாளர் ஹூக்கர் கூறிய அறிவுரையே அவ்வோடைகளின் குளிர்ச்சியைக் காத்தது. அச்சமவெளிக்கே உரிய நன்னீர் இறால் ஒன்று உண்டு. அதற்கு இவ்வந்தேறி ஒரு பகை.

பெண்மீன் வாலாற் பரற்கற்களைக் கிளறிக் குழி செய்து முட்டையிடும்; கற்களினூடே தெளிநீர் இடையறாது ஓடினாலன்றிக் கரு மூச்சுமுட்டி மாயும். தேயிலைச் சரிவின் மண் மழைக்குக் கரைந்து அப்பரல்களை மூடுகின்றது. அம்மண்ணைத் தடுக்கவே தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகக் கான் வெட்டி வந்தனர். கான் பராமரிப்பற்றுத் தூர்ந்த மலைகளிலிருந்து கலங்கல் நீர் கொத்மலை ஓயாவிற் சேர்ந்து, 1985இல் முடிவுற்ற அணையின் பின்னே, பழைய வயல்களும் கோயில்களும் மூழ்கிக் கிடக்கும் பள்ளத்தாக்கின் மேல் வண்டலாய்ப் படிகின்றது.