வாடகை வீட்டுக்கு வர்ணம்

வங்கி ஆபீசர் வீட்டுக்குள் நுழைந்து மரச்சாமான்களைப் பார்த்தாலே ஆள் எத்தனை ஊர் சுற்றியிருக்கிறார் என்று சொல்லிவிடலாம். எதுவும் எதற்கும் ஜோடி சேராது. கட்டில் ஒரு ஊரில் வாங்கியது. டைனிங் டேபிள் இன்னொரு ஊரில் மாற்றலாகிப் போன மேனேஜர் பாதி விலைக்குத் தள்ளிவிட்டது. மூன்று வருஷம் ஆனதும் லாரிக்காரர் சொல்லும் ரேட்டைக் கேட்டு மயக்கம் வரும், பாதியை விற்றுவிட்டு அடுத்த ஊரில் மறுபடி பழசாகப் பார்த்து வாங்குவோம்.

அப்படித்தான் கொல்கத்தாவில் இருந்தபோது ரஸ்ஸல் தெருப் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏலத்தில் ஒரு புத்தக அலமாரி எடுத்தேன். சாதாரண மரம்தான். வார்னிஷ் உரிந்து, ஒரு கால் ஆடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள். "அப்பா, இதுக்கு நான் பெயிண்ட் பண்ணி பூ, பறவையெல்லாம் போடட்டுமா?"

என் பதில் வழக்கமானது. "வாடகை வீடும்மா. இன்னும் ரெண்டு வருஷத்துல மாத்தல். அதெல்லாம் சொந்த வீடு கட்டினப்புறம் பாத்துக்கலாம்."

இது தப்பான பதில் என்று எனக்குப் புரிய வைத்தவர் ஓவியர் இல்லை. ஜான் மேனார்ட் கெயின்ஸ்! பி.காம். படித்தவர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டதும் பரீட்சை ஞாபகம் வந்து வயிற்றைக் கலக்கும், மன்னிக்கவும் :-)

நம் ஊர் வங்கிக்காரனுக்கு கெயின்ஸ் கொஞ்சம் சொந்தக்காரர் மாதிரி. 1906-ல் லண்டனில் இந்தியா ஆபீசில் குமாஸ்தாவாகத்தான் மனுஷன் உத்தியோகத்தை ஆரம்பித்தார். அவருடைய முதல் புத்தகமே இந்தியாவின் நாணயம், நிதி பற்றியதுதான். 1913-ல் வந்தது. இந்தியாவுக்கு ஒரு மத்திய வங்கி வேண்டும் என்று அப்போதே திட்டம் எழுதிக் கொடுத்தார். நம் ரிசர்வ் வங்கி வந்தது 1935-ல்தான். இத்தனைக்கும் அவர் இந்தியாவுக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை.

அவர் உலகப்புகழ் பெற்றது 1919 டிசம்பரில் வெளியான இன்னொரு புத்தகத்தால். தோற்ற ஜெர்மனியிடம் இவ்வளவு நஷ்டஈடு கேட்டால் ஐரோப்பாவே நாசமாகும் என்று சண்டை போட்டு, அந்த ஜூன் மாதம் கருவூல வேலையை உதறிவிட்டு வந்து எழுதியது. அதை எங்கே உட்கார்ந்து எழுதினார் என்று தேடப்போய்த்தான் நான் இந்தக் கதைக்குள் விழுந்தேன். இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸ் பகுதியில், ஃபிர்ல் என்ற கிராமத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சார்ல்ஸ்டன் என்ற பண்ணை வீடு. அந்த வீட்டில் கதவு, கட்டில், விறகுப் பெட்டி, கணப்பு என்று கைக்கு எட்டியதில் எல்லாம் படம் வரைந்திருந்தார்கள். மேஜை நாற்காலிகளில் பல பழைய சாமான் கடையில் பொறுக்கியவை.

வரைந்தவர்கள் இருவர். வனெஸ்ஸா பெல் (எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபின் அக்கா), டங்கன் கிராண்ட். இருவரும் தொழில்முறை ஓவியர்கள். அந்த வீட்டு உறவுமுறைகளை எழுத ஆரம்பித்தால் ஒரு மெகா சீரியல் தேறும், அது இங்கே வேண்டாம்.

வீட்டுக்குப் போகும் முன்னால் ஒரு கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1913 ஜூலையில் ரோஜர் ஃப்ரை என்ற கலை விமர்சகர் லண்டன் ஃபிட்ஸ்ராய் சதுக்கத்தில் 33-ஆம் எண் வீட்டில் 'ஒமேகா ஒர்க்‌ஷாப்ஸ்' என்று ஒன்றைத் தொடங்கினார். வனெஸ்ஸாவும் டங்கனும் அதில் கூட்டாளிகள். ஓவியம் விற்காமல் கஷ்டப்படும் இளைஞர்கள் வாரத்தில் மூன்றரை நாள் இங்கே வந்து மேஜை, நாற்காலி, திரை, துணி ஆகியவற்றில் வரைவார்கள், 30 ஷில்லிங் கிடைக்கும். மிச்ச நாளில் சொந்தப் படம் வரைந்துகொள்ளலாம். பொருளில் யார் பெயரும் இருக்காது. ஒமேகா எழுத்து மட்டும்தான் முத்திரை.

மரச்சாமானில் படம் போடுவது அவர்கள் கண்டுபிடித்ததல்ல. ஐரோப்பிய கிராமங்களில், மலிவான பைன் மரத்தில் செய்த பெட்டிக்கும் அலமாரிக்கும் பூவேலை வரைவது பழைய வழக்கம். நல்ல மரம் வாங்க வசதியில்லாதவன் வர்ணத்தால் சரிக்கட்டுவான். 1850-களில் லண்டனில் வில்லியம் மாரிஸும் நண்பர்களும் தங்கள் வாடகை அறைக்குக் கனமான நாற்காலிகள் செய்யச் சொல்லி அதில் படம் வரைந்தார்கள். 1861-ல் அது ஒரு கம்பெனியாக மாறி, நேர்த்தி கூடக்கூட விலையும் கூடி, கடைசியில் பணக்கார வீடுகளுக்கான சரக்காகிவிட்டது.

ஃப்ரை நேர் எதிர்ப்பக்கம் போனார். வழவழவென்ற நேர்த்தி செத்த நேர்த்தி, வரைந்தவனின் கை நடுக்கம்கூடத் தெரிய வேண்டும் என்பது அவர் கட்சி. தத்துவம் சரிதான். ஆனால் வாடிக்கையாளருக்கு நாற்காலி உடையாமல் இருந்தால் தேவலை! தச்சு வேலையும் வர்ணமும் உறுதியில்லை என்ற புகார் ஒமேகாவை விடவேயில்லை. போரும் சேர்ந்துகொள்ள, 1919-ல் கடையை மூடினார்கள். கணக்குப் புத்தகத்தின்படி பார்த்தால் தோல்விதான்.

கதை அங்கே முடியாமல் பண்ணை வீட்டுக்குப் போனதற்குக் காரணம் அந்தப் போர்தான். 1916-ல் பிரிட்டனில் கட்டாய ராணுவச் சேவை வந்தது. டங்கனும் அவர் நண்பர் டேவிட் கார்னெட்டும் மனசாட்சிப்படி ஆயுதம் எடுக்க மாட்டோம் என்றவர்கள். விசாரணை மன்றத்தில் அவர்களுக்காகப் பேசப் போனவர் நம் கெயின்ஸ். ஜெயிலுக்குப் போகாமலிருக்க ஒரே வழி, விவசாயக் கூலி வேலை. வேலை கொடுக்க ஒரு பண்ணை வேண்டும், பக்கத்தில் தங்க ஒரு வீடு வேண்டும். அப்படித்தான் 1916 அக்டோபரில் வனெஸ்ஸா தன் இரண்டு பையன்கள், இந்த இரண்டு பேர் எல்லோரையும் கூட்டிக்கொண்டு சார்ல்ஸ்டனுக்குக் குடிவந்தார்.

மின்சாரம் கிடையாது (1933-ல்தான் வந்தது). தண்ணீர் கைப்பம்பில் அடிக்க வேண்டும். வீடு வேறொருவருடைய எஸ்டேட்டுக்குச் சொந்தம், இவர்கள் வாடகைக்கு. போர் எப்போது முடியும், எத்தனை மாதம் இங்கே இருப்போம் என்று ஒருவருக்கும் தெரியாது.

நானாக இருந்தால் பெட்டியைக்கூடப் பிரித்திருக்க மாட்டேன். இவர்கள் போனதும் பிரஷ்ஷைக் கையில் எடுத்துவிட்டார்கள்.

வனெஸ்ஸாவின் படுக்கையறை ஜன்னலுக்கு மேலே டங்கன் ஒரு சேவலை வரைந்தார், காலையில் அவரை எழுப்ப. ஜன்னலுக்குக் கீழே ஒரு நாய், ராத்திரி காவலுக்கு. கட்டிலின் தலைப்பலகையில் தூக்கத்தின் தேவதை. விறகு போட்டு வைக்கும் சாதா மரப்பெட்டியின் பக்கங்களில் வாத்தியம் வாசித்து ஆடும் தேவதைகள். விறகுப் பெட்டிக்கு இவ்வளவு மரியாதை! பகலெல்லாம் வயலில் முதுகு ஒடிய வேலை செய்துவிட்டு வந்த மனுஷன் வரைந்தது இதெல்லாம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கெயின்ஸுக்கு அங்கே ஒரு அறையே உண்டு. 1918 மார்ச்சில், ஜெர்மன் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த பாரிஸில் ஓவியர் தெகாவின் சேகரிப்பு ஏலத்துக்கு வந்தது. டங்கன் தூண்டிவிட, கெயின்ஸ் கருவூலத்தில் பேசி 20,000 பவுண்டு வாங்கி, தேசிய ஓவியக் கூடத்துக்குப் படங்கள் வாங்க வைத்தார். தனக்கென்று செஸான் வரைந்த ஆப்பிள்கள் படம் ஒன்றும் எடுத்தார். திரும்பும்போது காரில் கொண்டுவந்து விட்டவர் ஆஸ்டின் சேம்பர்லின், இந்திய நாணயக் கமிஷனுக்குத் தலைவராக இருந்த அதே ஆசாமி. பெட்டியோடு படத்தையும் தூக்கிக்கொண்டு நடக்க முடியாமல், கெயின்ஸ் செஸானை வேலியோரம் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து சொல்ல, எல்லோரும் ஓடிப்போய் எடுத்து வந்தார்களாம். செஸான் வேலியில், விறகுப் பெட்டியில் தேவதைகள். எது விலையுயர்ந்தது எது மலிவு என்ற நம் கணக்கெல்லாம் அந்த வீட்டில் செல்லாது.

செய்முறையில் ரகசியம் எதுவும் இல்லை. சுவருக்கு டிஸ்டெம்பர், அதாவது சுண்ணாம்புத்தூளில் வஜ்ஜிரமும் வர்ணப்பொடியும் கலந்தது. மரத்துக்குக் கையில் இருந்த பெயிண்ட். நம் பெயிண்டர் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மக்கு வைத்து, பிரைமர் அடித்துக் காயவிடும் பொறுமை அவர்களுக்கு இல்லை. நிலைக்க வேண்டும் என்று நினைத்து வரைந்ததே இல்லை. உரிந்தால் மறுபடி வரைந்துகொள்ளலாம், அவ்வளவுதான்.

போர் முடிந்தது. ஆனால் வீட்டை விடவில்லை. விடுமுறை வீடாக வைத்துக்கொண்டு, 1939-லிருந்து நிரந்தரமாக அங்கேயே இருந்தார்கள். அந்த வருஷம்தான் சாப்பாட்டு அறைக் கறுப்புச் சுவரில் ஸ்டென்சில் வைத்துக் கோலம் மாதிரி வடிவம் போட்டார்கள். வனெஸ்ஸா 1961-லும் டங்கன் 1978-லும் காலமானார்கள். 'கொஞ்ச நாளைக்கு' என்று வந்த வாடகை வீட்டில் அறுபது வருஷத்துக்கு மேல்!

அப்புறம்தான் வேடிக்கை. 1980-ல் ஒரு டிரஸ்ட் அமைத்து, பணம் திரட்டி, வீட்டை எஸ்டேட்டிடமிருந்து வாங்கி, 1986-ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். அவசரமாக அடித்த அந்த வர்ணத்தை நிபுணர்கள் இப்போது செதில் செதிலாகக் காப்பாற்றுகிறார்கள். வாடகைக்காரர்கள் சுவரைப் பாழாக்காமல் ஒழுங்காக இருந்திருந்தால், அது இன்றைக்கு ஊருக்குத் தெரியாத இன்னொரு பண்ணை வீடு.

இதையெல்லாம் படித்த ராத்திரி மகளிடம் போய் "அலமாரியை எடுத்துக்கோ" என்றேன். ஒரே ஒரு நிபந்தனை. ஊரிலிருந்து வந்த எங்கப்பாவின் தேக்கு பீரோ மேல் கை வைக்கக்கூடாது. ஐம்பது வருஷம் கைபட்டுக் கறுத்த தேக்கைச் சுரண்டினால் அந்த மெருகு திரும்ப வராது, அதற்கு வர்ணம் வேண்டியதும் இல்லை. தங்கமணியும் இதில் என் கட்சி.

தச்சர் ஆப்பு வைத்து ஆடிய காலை நிறுத்தினார். நாங்கள் ஒமேகாவைவிட உஷார், உப்புத்தாள், மக்கு, பிரைமர் எல்லாம் முறைப்படி. மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. ஒரு கதவில் ஹவுரா பாலம், இன்னொன்றில் எங்கள் ஊர்த் தெப்பக்குளம். கீழே ஒரு சேவல், அது மட்டும் என் சிபாரிசு. பாலம் கொஞ்சம் கோணல்தான், ஃப்ரை இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

அடுத்த வருஷமே நாக்பூருக்கு ஆர்டர் வந்தது. பழைய சாமான்காரர் கட்டில், சோபா எல்லாவற்றுக்கும் விலை சொன்னார். அலமாரியைப் பார்த்து, "படம் போட்டுட்டீங்களே சார், இதை யார் வாங்குவா?" என்றார். தேய்மானம் போட்டுப் பார்த்தால் நியாயம்தான். இத்தனை வருஷ சர்வீசில் நான் விற்காமல் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்த முதல் செகண்ட் ஹாண்ட் சாமான் அதுதான்.

இதை எழுதும்போது அலமாரி என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது. நாக்பூர் வந்து நாலு மாசம் ஆகிறது, சுவரில் இன்னும் ஒரு ஆணிகூட அடிக்கவில்லை. வர்ற ஞாயிற்றுக்கிழமை ஹவுஸ் ஓனரிடம் கேட்கலாம் என்றிருக்கிறேன். உங்கள் வீட்டில் எத்தனை பெட்டி இன்னும் பிரிக்காமல் இருக்கிறது?