எழுதப்படாத சொல்லுக்குச் சொந்தக்காரர் யார்? – லான்செட் (1823) குறித்துச் சில குறிப்புகள்

ஒரு பத்திரிகைக்கு ஆசிரியப் பொறுப்பேற்கிறவர் முதல் இதழில் தன் நோக்கங்களை எழுதிவைப்பது ஒரு சடங்கு. சிறுபத்திரிகை நடத்தி நொந்தவர்களுக்குத் தெரியும், மூன்றாவது இதழுக்குள் எழுதினவருக்கே அது மறந்துபோகும். ஆனால் 1823 அக்டோபர் 5ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை லண்டனில் வெளிவந்த ‘லான்செட்’ என்ற மருத்துவ வார இதழின் முன்னுரையை அப்படித் தள்ளிவிட முடியாது என்று நினைக்கிறேன். அதில் சொன்னதைச் செய்யப்போய் அதன் ஆசிரியர் வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்தார்.

ஆசிரியர் தாமஸ் வேக்லி. டெவன் பகுதி விவசாயக் குடும்பத்துப் பையன், அப்போது வயது 28. லண்டனில் சர்ஜனாகத் தொழில் தொடங்கியவரின் வீடு 1820இல் எரிந்துபோனது. தானே கொளுத்திவிட்டு இழப்பீடு கேட்கிறார் என்று இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுக்க, வழக்காடி ஜெயித்தார். தீவிரவாதப் பத்திரிகையாளர் வில்லியம் காபெட்டின் சகவாசம் வேறு. இவ்வளவும் சேர்ந்துதான் லான்செட். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு ரணம் கீறும் சிறு கத்தி என்றும் அர்த்தமுண்டு, கூர்முனைச் சன்னல் என்றும் அர்த்தமுண்டு.

முன்னுரை சொன்னது மேலோட்டமாகப் பார்த்தால் சாதாரணம். லண்டன் ஆஸ்பத்திரிகளில் பெரிய மருத்துவர்கள் நிகழ்த்தும் சொற்பொழிவுகளை வாராவாரம் அச்சிடுவோம். நோயாளிகளுக்கு அங்கே என்ன நடந்தது என்று எழுதுவோம். பள்ளிக்கூடத்து அரைகுறை மொழியை விட்டுவிட்டு எல்லோருக்கும் புரிகிற ஆங்கிலத்தில் எழுதுவோம். படித்த பொதுஜனமும் வாசித்து, அறியாத வைத்தியனை அடையாளம் காணட்டும். விலை ஆறு பென்ஸ். ஆரம்ப இதழ்களில் நாடக விமர்சனமும் சதுரங்கப் புதிரும்கூட உண்டு.

இதில் வெடிமருந்து எங்கே இருக்கிறது என்றால், அன்றைக்கு அந்தச் சொற்பொழிவுதான் சரக்கு. மாணவன் காசு கட்டி உட்கார்ந்து கேட்க வேண்டும். கேட்டதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும். ராயல் சர்ஜன்கள் கல்லூரியின் தேர்வுக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும். அந்தக் கல்லூரியின் நிர்வாகத்தில் இருப்பவர்களோ பெரும்பாலும் அதே ஆஸ்பத்திரி சர்ஜன்கள். அவர்களின் மருமகன்களும் சீடப்பிள்ளைகளும் அடுத்த சர்ஜன்கள். அறிவு, உறவுமுறை, உரிமம் மூன்றும் ஒரே கைக்குள் சுற்றிக்கொண்டிருந்த ஒரு வலையில், ஆறு பென்ஸுக்கு விற்கும் தாள் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

முதல் இதழிலேயே புகழ்பெற்ற ஆஸ்ட்லி கூப்பரின் சொற்பொழிவு வந்தது. ஆசிரியர் பெயர் அச்சிடப்படவில்லை. கூப்பருக்குச் சந்தேகம். ஒருநாள் நேரே வேக்லியின் வீட்டுக்குப் போய் நின்றார். ஆள் புரூஃப் திருத்திக்கொண்டிருந்தார், கையும் களவுமாக. கூப்பர் சிரித்துவிட்டார் என்கிறார்கள். என் பெயரை எடுத்துவிட்டு அச்சிட்டுக்கொள் என்பதோடு சமாதானமாகப் போனார்.

செயின்ட் பார்த்தலோமியூ ஆஸ்பத்திரியின் ஜான் அபர்னெதி அப்படி விடவில்லை. வழக்குப் போட்டார். லார்டு சான்சலர் எல்டன் முன் வந்த இந்த வழக்கை மருத்துவ வரலாற்றுக்காரர்களைவிட நம்மைப் போன்றவர்கள்தான் அதிகம் படித்திருக்க வேண்டும். அபர்னெதி வாயால் பேசியவர். முழுப் பிரதி என்று எழுதிவைத்தது எதுவும் இல்லை. எழுத்துப்பிரதி இல்லாத பேச்சில் எழுத்தாளனின் சொத்துரிமையை எங்கே தேடுவது? எல்டன் முதலில் தயங்கினார், தடை தரவில்லை. பொது ஆஸ்பத்திரியில், பொதுக் காரியஸ்தனாக நின்று பேசுகிற பேச்சு பொதுச்சொத்து என்பது வேக்லியின் வாதம். பிறகு 1825 ஜூனில் தடையுத்தரவு வந்தது. வந்த காரணம்தான் சுவாரஸ்யம். பேச்சு சொத்தா இல்லையா என்பதை விட்டுவிட்டு, காசு கொடுத்துக் கேட்கிறவன் தன் உபயோகத்துக்குக் குறிப்பு எடுக்கலாமே தவிர விற்கக் கூடாது என்ற ஓர் எழுதப்படாத ஒப்பந்தம் அங்கே இருக்கிறது என்றார் எல்டன். ஆசிரியன் இறந்துவிட்டான் என்று நம் சிறுபத்திரிகைகள் உற்சாகமாக எழுதிய காலமுண்டு. அவனுடைய பிறப்புச் சான்றிதழைப் பல சமயம் கோர்ட்டில்தான் எழுதியிருக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் குறைவாகவே பேசினோம். இங்கே பிறந்தது எழுதுகிறவன்கூட இல்லை, பேசுகிறவன். அவனோடு கூடவே, கேட்கிறவன் வாடிக்கையாளனாகப் பிறந்தான். (தடை நிலைக்கவில்லை. பின்னால் அது நீக்கப்பட்டது, சொற்பொழிவுகள் தொடர்ந்து வந்தன.)

முன்னுரையின் இரண்டாவது நோக்கம், அதாவது நோயாளிகளுக்கு என்ன நடந்தது என்று எழுதுவது, இதைவிட ஆபத்தானது. 1828 மார்ச் 18இல் கைஸ் ஆஸ்பத்திரியில் ஸ்டீபன் பொல்லார்டு என்ற சசெக்ஸ் கூலித்தொழிலாளிக்கு, வயது 53, மூத்திரப்பைக் கல்லை எடுக்க அறுவை நடந்தது. செய்தவர் பிரான்ஸ்பி கூப்பர், ஆஸ்ட்லி கூப்பரின் அண்ணன் மகன். மயக்க மருந்து வருவதற்கு இன்னும் பதினெட்டு வருஷம் இருக்கிறது. தேர்ந்த கை ஒரு சில நிமிஷத்தில் முடிக்கிற வேலை ஏறக்குறைய ஒரு மணி நேரம் போனது. கட்டிவைத்த மனிதன், கல் உள்ளேயே இருக்கட்டும் விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினான். சுற்றிலும் மாணவர் கூட்டம். மறுநாள் செத்துப்போனான். லான்செட் இதை நாடக வடிவில், அங்கம் பிரித்து வெளியிட்டது. கூப்பர் 2000 பவுன் கேட்டு அவதூறு வழக்குப் போட்டார். டிசம்பரில் ஜூரி கூப்பர் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. ஆனால் கொடுத்தது 100 பவுன். வேக்லியின் வழக்குச் செலவைப் பொதுமக்கள் வசூல் செய்து கட்டினார்கள்.

பொல்லார்டின் வலி அச்சேறியது பெரிய விஷயம். தர்ம ஆஸ்பத்திரியில் ஓர் ஏழையின் சாவு கேள்வி கேட்கப்படாமல் புதைவதுதான் வழக்கம். சித்தப்பா தயவில் சர்ஜனானவன் என்ற வேக்லியின் குற்றச்சாட்டும் சும்மா சொன்னதல்ல. ஆனாலும் அந்த நாடகத்தில் பொல்லார்டு யார்? சர்ஜன்களுக்கும் சர்ஜன்களுக்கும் நடந்த சண்டையில் அவன் ஒரு சாட்சிப்பொருள். அவன் சத்தம் கேட்கிறது, பேச்சு இல்லை. மாணவர்களும் ஜூரியும் வாசகனும் அதே கூடத்தின் வெவ்வேறு வரிசைகளில் உட்கார்ந்து அவனைப் பார்க்கிறார்கள். கிளினிக்கின் பார்வை பற்றி ஃபூக்கோ எழுதியதற்கு ஆஸ்பத்திரிக்கு வெளியே உதாரணம் தேடுகிறவர்கள் இந்த இதழைப் பார்க்கலாம்.

வேக்லியைப் புனிதராக்க எனக்கு விருப்பமில்லை. போலி வைத்தியர் ஒழிப்பு என்று அவர் போட்ட கோடு, யார் மருத்துவர் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை அரசின் பதிவேட்டுக்குக் கொண்டுபோகும் பாதையில்தான் இருந்தது. 1858இல் சட்டம் வந்தது. மர்மத்தை உடைக்க வந்த பத்திரிகை ஒரு புதுத் தொழில்முறைச் சாதிக்குக் குரல் கொடுத்ததாகவும் ஆயிற்று. அதே ஆள்தான் 1835இல் பாராளுமன்ற உறுப்பினராகி, சங்கம் வைத்ததற்காக நாடுகடத்தப்பட்ட டோல்புடில் தொழிலாளர்களுக்காகப் பேசினார். 1846இல் 150 கசையடி வாங்கிச் செத்த பிரெடரிக் வைட் என்ற சிப்பாயின் மரணத்தை, மரண விசாரணை அதிகாரியாக இருந்து, கசையடியோடு சேர்த்து எழுதவைத்தார். 1851 முதல் ஆர்தர் ஹாசல் உணவுக் கலப்படத்தைச் சோதித்து எழுத, கலப்படம் செய்த கடைக்காரர்களின் பெயரையும் விலாசத்தையும் லான்செட் அச்சிட்டது. நோக்கங்கள் வளர்ந்துகொண்டே போயிருக்கின்றன.

இத்தனையும் எப்படி முடிந்தது? துணிச்சல் என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கென்னவோ காரணம் இன்னும் லௌகிகமானது என்று தோன்றுகிறது. பத்திரிகை அவருடையது. ஆசிரியரும் முதலாளியும் ஒரே ஆள். வழக்கில் தோற்றால் நஷ்டம் அவருக்கு, ஆனால் காலையில் வந்து நாற்காலியைக் காலிசெய் என்று சொல்ல மேலே ஒருத்தர் இல்லை.

1991இல் லான்செட் எல்செவியர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2005இல், தாய்க்கம்பெனியான ரீட் எல்செவியர் ஆயுதக் கண்காட்சிகள் நடத்துவதைக் கண்டித்து லான்செட்டே தலையங்கம் எழுதியது; இரண்டு வருஷ எதிர்ப்புக்குப் பிறகு கம்பெனி அந்த வியாபாரத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. பழைய கத்தி முழுசாக மழுங்கிவிடவில்லை என்பதற்கு இதைச் சொல்லலாம். ஆனால் 2020 டிசம்பரில் அதே எல்செவியர், வேறு இரண்டு வெளியீட்டாளர்களோடு சேர்ந்து, ஆய்வுக்கட்டுரைகளை இலவசமாகத் தருகிற சைஹப் தளத்துக்குத் தடை கேட்டு டெல்லி உயர்நீதிமன்றத்துக்கு வந்தது. இந்திய விஞ்ஞானிகள் சிலரும் மருத்துவர்களும் வழக்கில் தங்களையும் கேட்கச் சொல்லிப் போனார்கள். பொதுப்பணத்தில் செய்த ஆராய்ச்சியைப் பொதுஜனம் படிக்க எதற்குக் காசு என்ற கேள்வி மறுபடி கோர்ட்டில் நின்றது. 2025 ஆகஸ்டில் அந்தத் தளத்தை இந்தியாவில் முடக்க உத்தரவு வந்தது. எல்டன் கோர்ட்டில் சொற்பொழிவாளர் அபர்னெதி ஒரு பக்கம், லான்செட் மறுபக்கம். டெல்லியில் லான்செட்டின் முதலாளி நின்றது அபர்னெதி நின்ற பக்கத்தில்.