நிழற்படமும் பின்திரையும்

மன்னர் கதையும் போர்க் கதையும் மட்டுமே வரலாறு ஆகிவிடா. ஒரு துணியும் வரலாறு சொல்லும். நிழற்படக்காரர் மூங்கிற்கழியில் சுருட்டி ஊர் ஊராகச் சுமந்து சென்ற பின்திரை அத்தகையது.

சென்னையில் 1856ஆம் ஆண்டிலேயே அலெக்சாண்டர் ஹண்டரின் முயற்சியால் நிழற்படக் கழகம் தோன்றியது. ஆயினும் அக்கலை நம்மவர்க்கு எட்டாக்கனியாகவே இருந்தது. கருவியின் முன் ஏழையர் நின்றது பெரும்பாலும் பிறர் விருப்பத்தால்தான். 1868 முதல் 1875 வரை ஆங்கில அரசு ‘இந்திய மக்கள்’ என்னும் நூலை எட்டுத் தொகுதிகளாக வெளியிட்டது. நானூற்றுக்கு மேற்பட்ட அப்படங்களுள் பலவற்றின் கீழே சாதியின் பெயர் உண்டு. ஆளின் பெயர் இல்லை.

1869இல் இலண்டனில் ஜான் லாம்ப்ரே என்பார் ஒரு பின்திரையை விளக்கி எழுதினார். ஏழடிக்கு மூன்றடி மரச்சட்டம். அதில் இரண்டு அங்குல இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகப் பட்டுநூல். அக்கட்டங்களின் முன் ஒருவரை ஆடையின்றி நிறுத்திப் படமெடுத்தால், உடலின் அளவுகளைப் படத்திலிருந்தே கணக்கிடலாம். 1890களில் அந்தமானில் போர்ட்மன் என்ற அதிகாரியும் தீவு மக்களைக் கட்டமிட்ட திரைமுன் நிறுத்தினார். மனிதனை மனிதனாகக் காணாது அளவாகக் கண்ட திரை அது!

இதற்கு நேர்மாறான திரையும் இருந்தது. நாடகத் திரை எழுதிய ஓவியர்கள் படநிலையங்களுக்கும் எழுதினர். நாடகக் குழுக்களுக்குத் திரை எழுதிய சி. கொண்டையராஜு (1898–1976) கோவில்பட்டியில் படநிலையமே நிறுவினார். காடாத் துணியில் பசையும் வெள்ளைப் பொடியும் பூசிக் காயவைத்து, அதன்மேல் தூணும் படிக்கட்டும் பூங்கொடியும் தீட்டுவர். மடித்தால் வண்ணம் வெடிக்கும். ஆதலின் சுருட்டியே வைப்பர். ஊர் சுற்றுவோர்க்கு எடை குறைந்த துணியும் மங்கலான சிறு கோலமுமே ஏற்றவை. பெரும்பூக்கள் முகத்தை மறக்கடிக்கும். அமர்பவர் திரைக்குச் சில அடி முன்னே இருந்தால் நிழல் அதன்மேல் விழாது, முகம் தெளிவாகும்.

அத்திரைமுன் அமர்ந்தவர் தாமே பணம் தந்தார். தாம் விரும்பிய உடை உடுத்தார். நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்தார். செருப்பணிந்து தெருவில் நடக்கவும், பிறர்முன் சரியாசனம் கொள்ளவும் தடை இருந்த காலத்தில் அஃது எத்துணைப் பெரிது! அடிமையாய்ப் பிறந்த அமெரிக்கத் தலைவர் பிரடெரிக் டக்ளஸ் இதனை நன்கு உணர்ந்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கரில் மிகுதியாகப் படமெடுக்கப்பட்டவர் அவரே. அவர் விரும்பியது கோலமற்ற வெறுந்திரை. காண்போர் கண் தம் முகத்திலேயே நிலைக்க வேண்டும் என்பதற்காக. 1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் நிமிர்ந்து நின்றதும் இவ்வுணர்வோடுதான்.

இளைஞர்களே! குத்தம்பாக்கத்திலும் பூவிருந்தவல்லிச் சுற்றூர்களிலும் நம் வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் பழைய படங்களைத் தேடுங்கள். பெரியோரைக் கேட்டு, ஒவ்வொரு படத்தின் பின்புறமும் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதிவையுங்கள். பிறர் எழுதாமல் விட்ட பெயர்களை நாமாவது எழுதுவோம். கற்ற கல்விக்கு இதனினும் நல்ல பயன் வேறு ஏது?