எதிரியின் சாட்சியும் படையணியின் பதிவேடும்: லாயிட் டிரிக் விருதுரை குறித்து

1939இல் நியூசிலாந்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 16 லட்சம். அந்நாட்டினர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் ராயல் விமானப்படையோடு இணைந்து பணியாற்றினர். 1940 ஏப்ரலில் 75ஆம் படையணியும், பின்னர் 485 முதல் 490 வரை எண்ணிட்ட படையணிகளும் நியூசிலாந்தின் பெயரைத் தாங்கின. ஆனால் பெரும்பாலோர் பறந்தது அந்தப் பெயர் இல்லாத பிரிட்டிஷ் படையணிகளில்தான். அவர்களின் போர்ப்பணியை அறிய அந்தந்தப் படையணியின் பதிவுகளையும் விருதுரைகளையுமே நாட வேண்டியிருக்கிறது.

இப்போரில் பிரிட்டனின் மிக உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்ற நியூசிலாந்து விமானிகள் மூவர். முதலாமவர் 75ஆம் படையணியின் சார்ஜென்ட் ஜேம்ஸ் வார்ட். 1941 ஜூலை 7இல் மூன்ஸ்டர் தாக்குதலிலிருந்து திரும்புகையில் வெலிங்டன் விமானத்தின் வலப்புற எஞ்சின் அருகே தீப்பற்றியது. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு வெளியேறிய வார்ட், விமானத்தின் துணி உறையைக் காலால் உதைத்துப் பிடிமானத் துளைகள் செய்து, இறக்கைமீது தவழ்ந்து சென்று தீயை அடக்கினார். விமானம் தரையிறங்கியது, கயிற்றைப் பிடித்திருந்தவரே சாட்சியாக இருந்தார். இங்கே சான்று பற்றிய சிக்கல் எதுவும் இல்லை.

இரண்டாமவரான பிளையிங் ஆபீசர் லாயிட் டிரிக்கின் நிலை வேறு. நார்த்லாந்தின் ஹௌஹோராவில் பிறந்த அவர் கனடாவில் பயிற்சி பெற்று, மேற்கு ஆப்பிரிக்காவில் இருந்த 200ஆம் படையணியில் ஹட்சன் விமானம் ஓட்டினார். 1943 ஆகஸ்ட் 11இல் காம்பியாவின் யுண்டத்திலிருந்து லிபரேட்டர் விமானத்தில் புறப்பட்ட அவர், டக்காருக்குத் தென்மேற்கே யு-468 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியைத் தாக்கி மூழ்கடித்தார். சுடப்பட்டுக் கடலில் விழுந்த விமானத்தில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. நீர்மூழ்கியின் தலைவர் கிளெமென்ஸ் ஷாமோங் உள்ளிட்ட ஏழு ஜெர்மானியர், அதே லிபரேட்டரிலிருந்து கழன்று மிதந்த ரப்பர்ப் படகில் ஏறித் தப்பினர். தேடி வந்த சண்டர்லாந்து விமானம் அவர்களை லிபரேட்டரின் குழுவினர் என்றே கருதியது. கிளார்க்கியா என்ற போர்க்கப்பல் அவர்களை மீட்டபோதுதான் உண்மை தெரிந்தது.

டிரிக்கிற்கான இந்த விருது முழுக்க முழுக்க எதிரியின் சாட்சியத்தின்மேல் மட்டுமே வழங்கப்பட்டது என்ற கூற்று நூலுக்கு நூல் திரும்பி வருகிறது. இதை அப்படியே ஏற்பதற்கில்லை. 1943 நவம்பர் 2ஆம் நாள் பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டில் வெளியான விருதுரையை வரிவரியாகப் பிரித்துப் பார்த்தால் இரண்டு அடுக்குகள் புலப்படுகின்றன. டிரிக் அதற்குமுன் 46 முறை போர்ப்பறப்பு மேற்கொண்டிருந்தார். லிபரேட்டரில் அவருக்கு அதுவே முதல் போர்ப்பறப்பு. எட்டு மணி நேரத் தேடலுக்குப் பிறகே நீர்மூழ்கி கண்ணில் பட்டது. இவற்றில் முதலிரண்டும் ஷாமோங் அறிந்திருக்கக் கூடியவை அல்ல; படையணியின் பதிவேட்டிலிருந்தே வந்திருக்க வேண்டும். மூன்றாவதும், புறப்பட்ட நேரத்தை அறிந்தவர் கணக்கிட்டதாகவே தோன்றுகிறது. விமானத்தின் வால்பகுதியைத் தீ சூழ்ந்தது, 50 அடிக்கும் குறைவான உயரத்தில் அது நீர்மூழ்கியைக் கடந்தது, 20 நிமிடங்களுக்குள் நீர்மூழ்கி மூழ்கியது ஆகியவை கடலில் இருந்தவர்கள் மட்டுமே சொல்லக்கூடியவை.

இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது பகுதியே கூர்ந்து கவனிக்கத்தக்கது. தாக்குதலைக் கைவிட்டுக் கடலில் இறங்க டிரிக்கிற்கு வாய்ப்பிருந்தது என்றும், அவர் உள்ளத்தில் தயக்கம் எழுந்திருக்க முடியாது என்றும் விருதுரை கூறுகிறது. விமானி அறைக்குள் நடந்ததைக் கூறும் சாட்சி எவரும் இல்லை. விமானம் எவ்வளவு தூரம் அவர் கட்டுப்பாட்டில் இருந்தது என்பதைக் கீழிருந்து சுட்டவர்கள் உறுதியாகச் சொல்லியிருக்க இயலாது. எனவே இப்பகுதி உரையை எழுதிய அதிகாரிகளின் ஊகமே. அதை வெற்று அலங்காரம் என்று தள்ளவும் முடியாது. நீர்மூழ்கி எதிர்ப்பில் ஏற்கனவே டி.எஃப்.சி. (டிஸ்டிங்விஷ்ட் ஃபிளையிங் கிராஸ்) விருது பெற்றிருந்த ஒருவரைப் பற்றிய மதிப்பீடு அது. அந்த நற்பெயர் இல்லாதிருந்தால் அதே ஜெர்மன் வாக்குமூலம் இதே முடிவுக்கு இட்டுச்சென்றிருக்குமா என்பது ஐயமே.

நியூசிலாந்தரும் கனடியரும் பிரிட்டனியரும் கலந்த அந்த எட்டுப் பேர் குழுவில் ஒருவர் பெயர் மட்டும் நிலைத்ததற்கும் காரணம் உண்டு. போர்க்களத் துணிவுக்கென இறந்தோருக்கு வழங்க அன்றைய பிரிட்டிஷ் விதிகள் விட்டுவைத்தவை இரண்டுதான்: விக்டோரியா கிராஸ், தளபதியின் அறிக்கையில் பெயர்க் குறிப்பு. இடைப்பட்ட பதக்கங்கள் அன்று உயிரோடு இருப்பவர்களுக்கே உரியவையாக இருந்தன. ஆகவே குழு முழுவதின் செயலும் தலைவர் ஒருவரின் செயலாக எழுதப்பட்டது. எதிரியின் சாட்சியை மட்டும் முன்னிறுத்தும் கூற்று இந்த விதியைக் கணக்கில் கொள்வதில்லை.

மூன்றாமவரான 487ஆம் படையணியின் லெனர்ட் டிரெண்ட், 1943 மே 3இல் ஆம்ஸ்டர்டாம் மின்நிலையத்தைத் தாக்கச் சென்ற வென்சுரா விமானங்களுக்குத் தலைமை தாங்கினார். அவற்றில் பெரும்பாலானவை வீழ்த்தப்பட்டன, டிரெண்ட் சிறைப்பட்டார். நடந்தவற்றின் முழு விவரம், போர் முடிந்து கைதிகள் விடுதலையான பிறகே கிடைத்தது. டிரிக்கின் தாக்குதலுக்கு மூன்று மாதங்கள் முந்திய இச்செயலுக்கான விருது, 1946 மார்ச் 1இல்தான் கெஜட்டில் வந்தது.