வயிரத்தின் குற்றமும் குணமும்: மதுரை மணிவீதி முதல் தில்லிக் கருவூலம் வரை

முன்னுரை

பழைய தில்லியின் சாந்தினி சௌக்கை அடுத்த தரீபா கலான் தெரு முகலாயர் காலந்தொட்டு நகை வணிகத்திற்குப் பெயர்பெற்றது. திருமண உறுதிக்கென வயிர மோதிரம் வாங்க அத்தகைய கடைத்தெருவிற்குச் செல்பவர் முன் எழும் வினா ஒன்றே: இக்கல் நல்லதென்று யாரை நம்பி ஏற்பது? விற்பவன் கல்லை அறிவான், வாங்குபவன் அறியான். இந்த இடைவெளியை நிரப்பவே மணிநூல்கள் தோன்றின எனலாம். வயிரத்தை ஆராயும் முறை தமிழகத்திலும் தில்லியிலும் எவ்வாறு வழங்கியது என்பதையும், அதில் இன்றும் பயன்படுவது எது என்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

சிலம்பு காட்டும் மணிவீதி

சிலப்பதிகார ஊர்காண் காதை மதுரையின் மணிவீதியை விரித்துரைக்கிறது. அங்கு வயிரத்திற்குரிய குற்றங்களாகக் காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்னும் நான்கும் சுட்டப்படுகின்றன. காக்கையின் அடிபோன்று கிளைத்த கீற்று காகபாதம், கறை களங்கம், புள்ளி விந்து, கோடு ஏகை. இந்நான்கும் நீங்கிக் கூரிய கோடிகளுடன் ஒளிர்வதே நல்ல வயிரம் என்பது அக்காலத்தோர் துணிபு. உரையாசிரியர் அடியார்க்குநல்லார் இவ்விடத்தில் வயிரத்தின் குணம் ஐந்து, குற்றம் பன்னிரண்டு எனப் பகுத்துரைக்கிறார். குணத்தினும் குற்றமே மிகுதியாக எண்ணப்பட்டிருத்தல் கருதத்தக்கது.

இச்சொற்கள் மொழி வரலாற்றுக்கும் துணைபுரிவன. விந்து, ஏகை என்பன முறையே பிந்து, ரேகா என்னும் வடசொற்களின் தமிழ் வடிவங்கள். வச்சிரம் என்னும் வடிவம் வடமொழியை ஒட்டியது. வயிரம் என்பதோ பிராகிருதத்தின் 'வஇர' என்னும் வடிவத்தோடு ஒத்தது. மணி வணிகம் சென்ற வழியிலேயே அதன் சொற்களும் சென்றன என்று கருதற்கு இது இடந்தருகிறது.

குற்றமற்ற கல்லை அறிந்த அந்நகரில்தான் கோவலன் கொலையுண்டான் என்பதை இங்கு மறத்தலாகாது. சிலம்பைக் கண்டு சான்று கூறிய பொற்கொல்லனே உண்மைக் கள்வன். உள்ளிருந்த பரல் முத்தா மாணிக்கமா என்பது கொலைக்குப் பின்னரே சோதிக்கப்பட்டது. மதுரையில் மணியறிவுக்குக் குறைவில்லை. மதிப்பிட்டவனின் நடுவுநிலைமைக்கே குறை இருந்தது.

தில்லிக் கருவூலமும் தக்குர பேருவும்

கி.பி. 1311இல் மாலிக் காபூரின் படை பாண்டிநாட்டில் புகுந்து பெருஞ்செல்வத்துடன் தில்லி மீண்டது. அச்செல்வத்தில் மணிகளும் இருந்தன என்று அமீர் குஸ்ரோ குறிக்கிறார். அலாவுத்தீன் கில்சியின் கருவூலத்தில் இவ்வாறு பல நாட்டு மணிகளும் குவிந்தன. அதனை நேரில் கண்டவர் தக்குர பேரு என்னும் சமணர். சுல்தானின் கருவூலப் பணியில் இருந்தவராகக் கருதப்படும் இவர், விக்கிரம ஆண்டு 1372இல், அதாவது கி.பி. 1315இல், 'ரயணபரிக்கா' என்னும் மணிநூலைப் பிராகிருதத்தில் இயற்றினார். தம் மகன் ஏமபாலனுக்காக இதனைச் செய்ததாகவும், அகத்தியர், புத்தபட்டர் முதலிய முன்னோர் நூல்களைக் கற்றதோடு கருவூலத்து மணிகளைத் தம் கண்ணாலும் கண்டு எழுதியதாகவும் அவர் கூறுகிறார்.

இந்நூல் இரு வகையில் தனிச்சிறப்புடையது. முன்னோர் மரபை வழிமொழிவதோடு நில்லாது, எடைக்கேற்பத் தம் காலத்தில் வழங்கிய விலையை இது அட்டவணையாகத் தருகிறது. பாரசீக நாட்டு வழிவந்த மணிகளையும் சேர்த்துக்கொள்கிறது. கடைத்தெருவில் செவிவழியாக மறைத்துக் காக்கப்பட்ட அறிவு இவ்வாறு எழுத்தில் வெளிப்பட்டது. மூன்றாண்டுகளுக்குப் பின், கி.பி. 1318இல், நாணயங்களைச் சோதிக்கும் முறை பற்றியும் இவரே ஒரு நூல் செய்தார். இவருடைய நூல்கள் 1961இல் சோத்பூரில் அச்சாயின.

வடிவும் குற்றமும்

பழைய நூல்கள் போற்றிய வயிரம் பட்டை தீட்டப்பட்டதன்று. ஆறு கோடி, எட்டுப் பலகை, பன்னிரண்டு தாரை ஆகியவை இயற்கையாகவே அமைந்த எண்முகக் கல்லே அவர்களுக்குத் தலையாயது. ஆறாம் நூற்றாண்டினரான வராகமிகிரர் இத்தகைய இலக்கணங்களோடு வேறு சிலவற்றையும் கூறுகிறார். நல்ல வயிரம் நீரில் மிதக்கும் என்பதும், மகப்பேறு வேண்டும் பெண்டிர் வயிரம் அணிதல் ஆகாதெனச் சிலர் கருதினர் என்பதும் அவற்றுட் சில. வயிரம் நீரினும் ஏறத்தாழ மூன்றரை மடங்கு கனமானது; எனவே முதற்கூற்று பொருந்தாது. பிந்தியதை இன்றைய மணமகளிர் எவரும் பொருட்படுத்துவதில்லை. நூலில் உள்ளதென்பதனால் மட்டும் ஒன்று உண்மையாகிவிடாது என்பதற்கு இவை சான்றாம்.

கி.பி. 1665 நவம்பர் 2ஆம் நாள் தில்லியில் ஔரங்கசீப்பின் மணிகளைக் கண்ட பிரெஞ்சு வணிகர் தவர்னியே, பட்டை தீட்டலின் மறுபுறத்தைப் பதிவு செய்துள்ளார். குற்றமற்ற கல்லாயின் இந்தியக் கம்மியர் எடை குறையாதபடி பலகைகளை மெருகிடுவதோடு நிறுத்துவர். குற்றமிருப்பின் அது தோன்றாவண்ணம் பல பட்டைகளை இடுவர் என்கிறார். இரவில் சுவர்மாடத்து விளக்கொளியில் கல்லை விரலிடைப் பிடித்து ஆராய்தலும், நீலச் சாயலை அறிய அடர்ந்த மரநிழலில் வைத்து நோக்குதலும் இங்கு வழக்கில் இருந்தன. அவர் அன்று கண்ட மாபெரும் வயிரம், தீட்டுமுன் 787 காரட்டுக்கு மேல் இருந்து, ஏறத்தாழ 280 காரட்டாகக் குறைந்தது. தீட்டிய வெனிசு நகரத்து ஓர்த்தென்சியோ போர்சியோவுக்குக் கூலி கிட்டவில்லை. 10,000 ரூபாய் தண்டமே விதிக்கப்பட்டது என்றும் அவர் எழுதுகிறார்.

இக்கால அளவைகள்

மணமோதிரத்திற்கு வயிரமே உரியது என்னும் எண்ணம் உலகெங்கும் பரவியது பெரிதும் இருபதாம் நூற்றாண்டு விளம்பரத்தால் ஆகும். நம்மவர்க்கு வயிரத் தோடும் மூக்குத்தியுமே நெடுநாளைய வழக்கு. 1931இல் தோன்றிய அமெரிக்க மணிக்கல் ஆய்வு நிறுவனம் எடை, நிறம், தெளிவு, பட்டை என்னும் நான்கு அளவைகளைப் பரப்பியது. ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம். அந்நிறுவனம் உட்குற்றங்களுக்கு வழங்கும் பெயர்களுள் இறகு, முகில், ஊசிமுனை என்பன அடங்கும். வெடிப்பை இறகென்பதும் காகபாதமென்பதும் ஒரே நோக்கின் இரு பெயர்கள். ஊசிமுனையும் விந்துவும் அவ்வாறே. மாறியது வடிவம் பற்றிய கருத்து மட்டுமே. அன்று இயற்கைக் கோடிக்கு இருந்த இடம் இன்று பட்டையின் அளவொழுங்கிற்கு வந்துள்ளது. பட்டை செவ்விதாயின் சிறு கல்லும் ஒளிரும். பிழைத்தால் எடைமிக்க கல்லும் மங்கும்.

ஆய்கூடத்தில் வளர்க்கப்படும் வயிரம் இன்று இச்சிக்கலுக்குப் புதுமுகம் தந்துள்ளது. 2023இல் இந்திய அரசு இதற்கான ஆய்வுக்கெனச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற்கு ஐந்தாண்டுகளுக்கு ஏறத்தாழ 242 கோடி ரூபாய் அறிவித்தது. இதுவும் மெய்யான வயிரமே. எனினும் இயற்கைக் கல்லினின்று இதனைக் கண்ணாலோ உருப்பெருக்கியாலோ பிரித்தறிய இயலாது. விலையோ மிகக் குறைவு. எனவே கல்லின் பிறப்பையும் கேட்டறிதல் இன்றியமையாததாகிறது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் சில பெறப்படுகின்றன. கல்லை மோதிரத்தில் பதிக்குமுன் தனியே காணல் வேண்டும். பதித்தபின் பொன்னின் நிறம் கல்லின் மஞ்சட்சாயலையும், பிடிகள் ஓரத்து வெடிப்பையும் மறைக்கும். பத்து மடங்கு உருப்பெருக்கியில் குற்றத்தை முதலில் நோக்கி, பின்னரே எடையையும் விலையையும் கருதல் வேண்டும். பட்டையைப் பொருட்படுத்தாது எடையை நாடுதல் பயனற்றது. விற்பவரோடு தொடர்பற்ற ஆய்கூடத்தின் சான்றிதழ் பெற்று, கல்லின் விளிம்பில் எண் பொறிக்கப்பட்டிருப்பின் அதனோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

இவற்றுள் இறுதியதே தலையாயது. தக்குர பேரு தம் மகனுக்கு விட்டுச்சென்றது மணியன்று, மணியை அறியும் நூல். அந்நூலறிவு வாங்குபவன் கைக்கு எட்டும்போதுதான் விற்பவனும் அவனும் ஒரே தளத்தில் நின்று பேச முடிகிறது. அறிவிருந்தும் மதிப்பிடுபவன் நடுநிலை பிறழ்ந்தால் நேர்வது யாது என்பதை மதுரை கண்டது. வயிரத்தின் குற்றத்தை ஆராய்வதோடு அதனை ஆராய்பவரின் நடுவுநிலைமையையும் ஆராய்தல் வேண்டும் என்பதே மணிவீதியும் கருவூலமும் உணர்த்தும் பாடமாம்.